அடி அண்ணாமலைக்கு அனுமதி இல்லை

அளவுக்கு மீறி ஜாக்கிரதையாக இருப்பவர்களிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருங்கள். இதை அனுபவத்தில் சொல்கிறேன். அந்த அனுபவத்தில் ஜாக்கிரதைக்காரி நான்தான்.

கேஸை மூடினேனா என்று பார்க்க பஸ் ஸ்டாண்டிலிருந்து இரண்டு முறை வீட்டுக்குத் திரும்பியிருக்கிறேன். (இரண்டு முறையும் மூடித்தான் இருந்தது. இரண்டாம் முறை, சரியாக மூடியிருக்கிறதா என்று திறந்து பார்த்துவிட்டு, திறந்தபடியே போய்விட்டேன். என் மாமியார் மூடினார்.) பாப்பா பிறந்த பிறகு இது முற்றியது. பாப்பாவுக்கு இந்தக் கதை நடந்தபோது நாலரை வயது. அவள் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் என்ன ஆகிவிடும் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. தெரியாததுதான் பயம்.

நான் கம்ப்யூட்டர் படித்தவள். சென்னையில் மூன்று வருடம் வேலை பார்த்தேன். பாப்பா வயிற்றில் வந்ததும் விட்டுவிட்டு, திருவண்ணாமலைக்கே வந்துவிட்டேன். சும்மா இருக்கப் பயமாக இருந்ததால் சம்பளமில்லாத ஒரு வேலையை இழுத்துப் போட்டுக்கொண்டேன். லினக்ஸ் என்பது யாரும் இலவசமாகப் போட்டுக்கொள்ளக்கூடிய ஒரு கம்ப்யூட்டர் அமைப்பு. அதைப் பல குழுக்கள் பல விதமாகத் தொகுத்து வெளியிடுகின்றன. ஒவ்வொரு தொகுப்பையும் டிஸ்ட்ரோ என்பார்கள். யாரோ எங்கோ எழுதிய மென்பொருளை எடுத்து, எங்கள் டிஸ்ட்ரோவுக்குப் பொருந்தும்படி ஒழுங்காகக் கட்டி, ஒரே கட்டளையில் எவரும் நிறுவிக்கொள்ளும்படி பேக்கேஜாகக் கொடுப்பது என் வேலை. "எங்க மருமக வீட்டுல இருந்தே பார்சல் கட்டுது" என்று அத்தை (மாமியாரை அப்படித்தான் கூப்பிடுவேன்) தெருவில் சொல்லிவைத்திருக்கிறார். தவறென்று சொல்ல முடியாது.

பார்சல் கட்டுகிறவர் எடுக்க வேண்டிய முடிவு ஒன்று இருக்கிறது: டீஃபால்ட். அதாவது, நிறுவுகிறவர் எந்த செட்டிங்கையும் தொடாமல் விட்டால் அந்த மென்பொருள் தானாக எப்படி நடந்துகொள்ளும் என்பது. பெரும்பாலானவர்கள் எதையும் தொடமாட்டார்கள். ஓட்டலில் சாம்பாருக்கு உப்புப் போடுவது மாதிரிதான். அநேகம் பேர் அப்படியே சாப்பிட்டுவிட்டுப் போகும்படி இருக்க வேண்டும். வேண்டியவர் கூடப் போட்டுக்கொள்ளலாம். (சாம்பாரையும் உப்பையும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் என் மானம் அதில்தான் போகிறது.)

நான் கட்டிய பேக்கேஜ்களில் ஒன்று, செய்தி அனுப்பும் சின்ன சர்வர். ஒரு பழைய கம்ப்யூட்டரில் அதைப் போட்டுவிட்டால் நமக்கு வேண்டியவர்கள் மட்டும் தங்களுக்குள் செய்தியும் படமும் அனுப்பிக்கொள்ளலாம். சிக்னல் இல்லாவிட்டால் செய்தி காத்திருக்கும்; வழி கிடைத்த கணம் போய்ச் சேரும். எங்கள் ஊருக்கு அது எவ்வளவு தேவை என்பது பௌர்ணமி அன்று கிரிவலப் பாதையில் போன் பேசிப் பார்த்தவர்களுக்குத் தெரியும். அத்தனை பேரும் ஒரே நேரத்தில் "எங்க இருக்க?" என்று கேட்டால் டவர் பாவம் என்ன செய்யும்? சின்னச் செய்திகள் மட்டும் எப்படியோ நுழைந்து போய்விடும்.

என் கணவர் கீழ்பென்னாத்தூரில் பள்ளி ஆசிரியர். அவரும் நண்பர்களும் பௌர்ணமிதோறும் பாதையில் நாலு இடத்தில் மேஜை போட்டு, கூட்டத்தில் தவறிய குழந்தைகளைப் பெற்றோரிடம் சேர்த்துவைக்கிறார்கள். ஒரு மேஜைக்குக் குழந்தை வந்தால் படம் எடுத்து மற்ற மூன்று மேஜைக்கும் அனுப்ப வேண்டும். அந்தச் செய்தி போய் வரும் சர்வர் எங்கள் வீட்டு ஹாலில், பீரோவுக்குப் பக்கத்தில், அத்தை போர்த்திய பூப்போட்ட துணிக்குள் உட்கார்ந்திருந்தது.

குழந்தைகளின் மணிக்கட்டில் பெற்றோரின் போன் நம்பர் எழுதிய பட்டை கட்டுவது வழக்கம். எங்கள் பட்டையில் மட்டும் நம்பர் கிடையாது. கண்டவன் படித்துவிட்டால்? ஆகவே வெறும் வரிசை எண். அந்த எண்ணுக்குரிய போன் நம்பர் சர்வரில் பத்திரமாக இருக்கும். மேஜையில் இருப்பவர் தேடி எடுத்துக்கொள்ளலாம். இந்த யோசனை யாருடையது என்று சொல்லத் தேவையில்லை. எல்லோரும் பாராட்டினார்கள். எனக்குத் தலை கொஞ்சம் கனத்தது.

அந்தத் தை மாதம் சர்வர் மென்பொருளின் புதுப் பதிப்பு வந்தது. எழுதியவர் அதில் ஒன்பது பாதுகாப்புப் பூட்டுகள் சேர்த்திருந்தார். ஒன்பதையும் திறந்தே விட்டிருந்தார், வேண்டியவர் வேண்டியதைப் பூட்டிக்கொள்ளட்டும் என்று. எனக்கு அன்று தூக்கம் வரவில்லை. இப்படித் திறந்துபோட்டால் உலகம் என்ன ஆவது? என் பேக்கேஜில் ஒன்பதையும் பூட்டினேன்.

தெரியாத கருவி, அதாவது புதிதாக வரும் போனோ லேப்டாப்போ, உள்ளே வர வேண்டுமானால் சர்வரின் பொறுப்பாளரிடம் அனுமதி கேட்க வேண்டும். இரண்டு நிமிடத்தில் பதில் வராவிட்டால் மறுத்ததாக அர்த்தம். மறுக்கப்பட்ட கருவி ஆறு மணி நேரம் வாசலில் நிற்க வேண்டும். அனுமதி கேட்கும் செய்தியில் கருவியின் பெயர் தெரியாது. பொறுப்பாளர் பஸ்ஸில் போகும்போது பக்கத்து சீட்டுக்காரர் எட்டிப் பார்த்துவிட்டால் என்ன செய்வது? மறுத்ததை மாற்ற வேண்டுமானால் சர்வர் இருக்கும் கம்ப்யூட்டருக்கு முன்னால் போய் உட்கார வேண்டும். இப்படியே போனது. கடைசியாக எல்லாவற்றுக்கும் மேலே ஒன்று: பழைய பதிப்பில் தெரிந்த கருவிகளும், பொறுப்பாளரின் போனைத் தவிர, அப்டேட்டுக்குப் பிறகு தெரியாதவையே. பழைய நம்பிக்கையைச் சோதிக்காமல் புது வீட்டுக்குக் கொண்டுவரலாமா?

எங்கள் குழுவில் ஒருவர், குளிர் தேசத்துக்காரர், என் வேலையைச் சரிபார்க்கிறவர், ஒரே கேள்வி கேட்டார்: "ஏற்கெனவே பயன்படுத்துகிறவர்கள் அப்டேட் செய்தால் என்ன ஆகும்?" நான் மூன்று பக்கம் பதில் எழுதினேன். "சரி, நீ யோசித்துத்தான் செய்திருப்பாய்" என்று விட்டுவிட்டார். நிறைய எழுதினால் யோசித்ததாக நினைத்துக்கொள்கிறார்கள். விளக்கக் குறிப்பில் ஒரு வரியும் சேர்த்தேன்: "சந்தேகமாக இருந்தால் மறுத்துவிடுங்கள்." அந்த வரியை எழுதிவிட்டு அதை நானே இரண்டு முறை ரசித்துப் படித்தேன்.

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் தானாகவே அப்டேட் செய்துகொள்ளும்படி வைத்திருந்தேன். (ஜாக்கிரதை!) அது பௌர்ணமி அன்று மத்தியானம், பாப்பா தூங்கும் நேரத்தில், சத்தமில்லாமல் புதுப் பதிப்புக்கு மாறிக்கொண்டது.

அன்று மூன்று மணிக்கு அடி அண்ணாமலை மேஜைக்குக் கைப்பட்டைச் சுருள் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியிருந்தது. அந்த மேஜையைப் பார்த்துக்கொள்பவர் தேவகி அக்கா. அங்கே விபூதி, கற்பூரம் விற்கும் கடை வைத்திருப்பவர். அந்த மாதம்தான் சேர்ந்திருந்தார். செய்திகளில் பழக்கமே தவிர நேரில் பார்த்ததில்லை. பாப்பாவையும் அழைத்துக்கொண்டு கிளம்பினேன். சுருளிலிருந்து ஒரு பட்டையை அவள் கையில் கட்டி, சர்வரில் பதிவு செய்தேன். பதினேழாம் எண்.

ஆட்டோ போகக்கூடிய இடம் வரை போய், அங்கிருந்து நடந்தோம். கூட்டம் அப்போதே கெட்டியாகிவிட்டது. பாதையோரம் அகத்திக்கீரைக் கட்டு விற்றுக்கொண்டிருந்தார்கள். வாங்கி மாடுகளுக்குக் கொடுத்துக்கொண்டே போகிறவர்கள் ஒரு பக்கம், வெறுங்காலோடு விரைகிறவர்கள் இன்னொரு பக்கம். பாப்பாவின் கையை நான் பிடித்திருந்த பிடியில் அவள் விரல்கள் வெளுத்திருந்தன.

அப்போது போன் அதிர்ந்தது. என் பேக்கேஜைப் பற்றி யாரோ புகார் எழுதியிருந்தார். எந்த நாட்டுக்காரரோ. "அப்டேட் செய்தபின் எங்கள் ஆட்கள் யாருமே உள்ளே நுழைய முடியவில்லை. இதற்குப் பெயர் நிதானமான டீஃபால்ட்டா?"

என்னையா நிதானமில்லை என்கிறார்? உடனே பதில் எழுத வேண்டும். ஒரு கையால் எழுத வரவில்லை. பாப்பாவின் கையை விட்டேன்.

"இது பிழை அல்ல" என்று தொடங்கினேன். "இது பயனர்களின் பாதுகாப்புக்காக, நன்கு ஆலோசித்து..."

ஆலோசித்து என்ற வார்த்தைக்குப் பிறகு நிமிர்ந்தேன். பாப்பா இல்லை.

அந்தக் கணத்தை நகைச்சுவையாக எழுத எனக்கு இன்னும் வரவில்லை. எத்தனையோ கால்கள், வேட்டிகள், புடவைகள், குழந்தைகள். எல்லாக் குழந்தையும் பாப்பா மாதிரி இருந்தது, எதுவும் பாப்பா இல்லை. பச்சைப் பாவாடை என்று சொல்லிக்கொண்டே நாலு பக்கமும் திரும்பினேன். கூப்பிட வாயைத் திறந்தபோதும் பெயரைக் கூப்பிடவில்லை, "பாப்பா, பாப்பா" என்றுதான் கத்தினேன். அந்தக் கூட்டத்தில் அப்படிக் கத்தினால் இருபது பாப்பாக்கள் திரும்பிப் பார்த்தன.

மேஜைக்குப் போய்விட்டால் போதும் என்று ஓடினேன். எங்கள் மேஜை வழக்கமாக இருக்கும் இடத்தில் அன்னதானப் பந்தல் இருந்தது. சாம்பார் சாதத்துக்கு நீள வரிசை. மேஜையைக் காணோம்.

"இங்க ஒரு டேபிள் இருக்குமே, கொழந்தைங்கள சேத்துவிடறவங்க?"

கரண்டியோடு நின்றவர், "வரிசைல வாம்மா, எல்லாருக்கும் கெடைக்கும்" என்றார்.

தேவகி அக்காவுக்குப் போன் போட்டேன். போகவில்லை. கணவருக்கு. போகவில்லை. அந்த நேரத்தில் என் போன் மறுபடி அதிர்ந்தது. குழந்தையைப் பற்றித்தான் செய்தி என்று பாய்ந்து பார்த்தேன். திரையில் இருந்தது இதுதான்:

"தெரியாத கருவி ஒன்று உள்ளே வர அனுமதி கேட்கிறது. அனுமதிக்கவா? மறுக்கவா?"

பெயர் இல்லை. என் பேக்கேஜ், என் டீஃபால்ட். எனக்குத் தோன்றியது இதுதான்: ஊரெல்லாம் கூட்டமாக இருக்கும் நாளாகப் பார்த்து எவனோ திருடன் நுழையப் பார்க்கிறான். சந்தேகமாக இருந்தால் என்ன செய்ய வேண்டும் என்று உலகத்துக்கே எழுதிக்கொடுத்தவள் நான். மறுத்தேன். கண்ணீரைத் துடைத்துக்கொண்டே மறுத்தேன்.

கொஞ்ச நேரத்தில் இன்னொன்று. வேறொரு தெரியாத கருவி. அதையும் மறுத்தேன். விடாப்பிடியான திருடன் என்று நினைத்துக்கொண்டேன்.

ஓடி வந்த வழியே திரும்பி ஓடினேன். ஒரு பெண் போலீஸ் நின்றிருந்தார். கையைப் பிடித்துக்கொண்டேன்.

"கொழந்தைய காணோம் மேடம். பச்சைப் பாவாடை. நாலரை வயசு."

"பேரு சொல்லும்மா, மைக்ல சொல்லச் சொல்றேன்."

மைக்கில் பெயரைச் சொன்னால் கூட்டத்தில் எவனாவது அதைக் கேட்டுக்கொண்டு, பெயர் சொல்லிக் கூப்பிட்டு...

"ஏம்மா, பேரு சொல்லு!"

"மைக்ல சொல்லாம தேட முடியாதுங்களா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "கொழந்த உன்னுதுதானே?"

சொன்னேன். (இங்கே சொல்ல மாட்டேன்.) சற்று நேரத்தில் என் மகளின் பெயர் ஒலிபெருக்கியில் பாதை நெடுக ஒலித்தது. நான் நாலரை வருடம் பொத்திவைத்த பெயர். அதைக் கேட்டுக்கொண்டு அங்கே நின்றது, தெருவில் உடுப்பில்லாமல் நிற்பது போல இருந்தது. யாரும் வரவில்லை.

பதினொன்றாவது முறையோ பன்னிரண்டாவது முறையோ கணவரின் போன் கிடைத்தது. அவர் எங்கள் தெருமுனையில், செங்கம் ரோட்டு மேஜையில் இருந்தார்.

"பாப்பாவக் காணோங்க."

அவர் மிக நிதானமாகக் கேட்டார். "எங்க? எவ்ளோ நேரமா?"

"அடி அண்ணாமலை. அரை மணி நேரமா. கையில பட்டை இருக்கு, பதினேழு. நீங்க எல்லா டேபிளுக்கும் செய்தி போடுங்க."

"எதுல போடறது? மூணு மணில இருந்து உன் சர்வர் என்னையே உள்ள விடல. 'அனுமதிக்காகக் காத்திருக்கவும்'னுச்சு. அப்பறம் 'மறுக்கப்பட்டது'ன்னுச்சு. யாருகிட்ட அனுமதி கேக்குது அது? யாரு வாணி அந்தப் பொறுப்பாளர்?"

வாணி என்பது நான். பொறுப்பாளர் என்பதும் நான்.

கீரைக் கட்டுகள் விற்கும் அம்மா ஒருவரின் சாக்கின் மேல் உட்கார்ந்துவிட்டேன். மூன்று மணிக்கு ஆட்டோவில் போன் பைக்குள் அதிர்ந்துகொண்டே இருந்தது, எடுக்கவில்லை. அது கணவரும் மற்ற மேஜைக்காரர்களும்; இரண்டு நிமிடம் பதில் வராததால் சர்வரே மறுத்துவிட்டது. பந்தலுக்கு முன்னால் நின்று நான் மறுத்த திருடன் யார்? மீதி இருந்த அடி அண்ணாமலை மேஜை. அதன் பிறகு மறுத்தது? அதே மேஜையிலிருந்து இன்னொரு கருவி. யாரோ ஒருவர் என்னிடம் எதையோ சொல்லத் துடிக்கிறார், நான் அவர் முகத்தில் கதவைச் சாத்திக்கொண்டே இருக்கிறேன்.

"வீட்டுக்கு ஓடுங்க" என்றேன். "சர்வர் முன்னாடி உக்காருங்க. அங்க இருந்துதான் தொறக்க முடியும். போனை மட்டும் வெச்சுடாதீங்க."

அவர் ஓடினார். அவருடைய மூச்சும் செருப்புச் சத்தமும் காதில் கேட்டுக்கொண்டே இருந்தன. வாசல் கேட் சத்தம். அத்தையின் குரல்: "என்னடா குமாரு, என்ன ஆச்சு?" துணியை இழுக்கும் சத்தம்.

"பாஸ்வேர்டு கேக்குது."

இங்கே நான் ஒரு விஷயத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். நல்ல பாஸ்வேர்டு நீளமாக இருக்க வேண்டும், யாரும் ஊகிக்க முடியாததாக இருக்க வேண்டும், நமக்கு மறக்கக்கூடாததாக இருக்க வேண்டும். மூன்றும் பொருந்திய ஒன்றை மூன்று வருடம் முன்பு வைத்திருந்தேன்.

"ஸ்பீக்கர்ல இருக்கா?"

"ஆமா, டைப் அடிக்க ரெண்டு கையும் வேணுமே."

"அணைச்சிடுங்க."

"வாணி, நேரமில்ல. சொல்லு!"

கண்ணை மூடிக்கொண்டேன். கிரிவலக் கூட்டத்தின் நடுவில், கீரைச் சாக்கில் உட்கார்ந்தபடி, சிக்னலுக்காகப் பலம் கொண்ட மட்டும் கத்தினேன்.

"அத்தை சாம்பார்ல உப்பு ஜாஸ்தி!"

இங்கே நடந்துகொண்டிருந்த இரண்டு பேர் நின்றார்கள். கீரைக்கார அம்மா மட்டும், புரிந்தது போல, தலையை ஆட்டினார்.

பிறகு போனில் அத்தையின் குரல் கேட்டது. கோபமே இல்லாத, அவசரமான குரல்.

"சேத்து எழுதணுமா, பிரிச்சு எழுதணுமானு கேளுடா."

சேர்த்துத்தான் எழுத வேண்டும். இங்கிலீஷ் எழுத்தில். 'ஜாஸ்தி'க்கு எந்த எழுத்து என்று தெரியாமல் கணவர் இரண்டு முறை தவறாக அடித்தார். மூன்றாம் முறையும் தவறினால் பத்து நிமிடம் பூட்டிக்கொள்ளும். (அதுவும் என் ஏற்பாடு.) அத்தை ஒவ்வொரு எழுத்தாகச் சொல்லச் சொல்ல அடித்தார். தன் சாம்பாரைப் பற்றிய அவதூறை அவரே எழுத்துக் கூட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார். திறந்தது.

செட்டிங் கோப்பைத் திறக்க வைத்தேன். "‘பூட்டு’ன்னு தொடங்கற வரியப் பாருங்க. அதுக்கு எதுக்க 'ஆம்'னு இருக்கும். அதை 'இல்லை'ன்னு மாத்துங்க."

"எந்தப் பூட்டு? இங்க ஒம்பது பூட்டு இருக்கு. ஒம்பதும் 'ஆம்'னு இருக்கு."

எது எந்தப் பூட்டு என்று எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை. ஒவ்வொன்றுக்கும் அரைப் பக்கம் நியாயம் எழுதியவள் நான்.

"எல்லாத்தையும் இல்லைன்னு மாத்துங்க."

"ஒம்பதையுமா? நல்லா யோசிச்சுதான் சொல்றியா?"

"யோசிக்கலங்க. மாத்துங்க."

அவர் ஒவ்வொன்றாக எண்ணுவது கேட்டது. ஒன்பது என்றார். அத்தை "முருகா" என்றார். என் கையில் போன் துடிக்க ஆரம்பித்தது. காத்திருந்த செய்திகள் எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாக வந்து விழுந்தன.

முதலாவது, இரண்டே முக்காலுக்கு எழுதியது: "பந்தல் போட்டுட்டாங்க. டேபிள பின்னாடி ஸ்கூல் செவுத்தோரம் போட்டிருக்கோம். தேவகி."

அடுத்தது ஒரு படம். பிளாஸ்டிக் நாற்காலியில், இரண்டு கையையும் மடியில் வைத்து, உதட்டை இறுக மூடிக்கொண்டு, பச்சைப் பாவாடை. கீழே: "பொண் கொழந்த. கை பட்டை 17. சர்வர் தொறக்கல, நம்பர் பாக்க முடியல. பேரு கேட்டா சொல்ல மாட்டேங்குது. அம்மா பேரும் சொல்ல மாட்டேங்குது. பிஸ்கட்டும் வேணாங்குது. ரொம்ப கெட்டியான பொண்ணு. சீக்கிரம் பாருங்க."

அந்தச் செய்தி எழுதப்பட்டது, நான் புகார்க்காரருக்கு "நன்கு ஆலோசித்து" என்று எழுதியதற்கு ஆறு நிமிடம் கழித்து. பள்ளிச் சுவர், நான் நின்று கத்திய பந்தலுக்குப் பின்னால், இருநூறு அடி தூரத்தில் இருந்தது.

ஓடினேன். எப்படி ஓடினேன் என்று தெரியாது. பட்டைச் சுருள் பையிலிருந்து உருண்டு பாதி வழி எனக்குப் பின்னாலேயே வந்ததாகப் பார்த்தவர்கள் சொன்னார்கள்.

பாப்பா படத்தில் இருந்த மாதிரியே உட்கார்ந்திருந்தாள். முன்னால் காகிதத் தட்டில் நாலு பிஸ்கட் தொடாமல் இருந்தது. என்னைப் பார்த்ததும் அழவில்லை. முகம் மலர்ந்து, பரீட்சையில் முதல் மார்க் வாங்கிய பிள்ளை மாதிரி சொன்னாள்:

"அம்மா, நான் பேரு சொல்லவே இல்ல!"

அவளைத் தூக்கிக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தேன். தெரியாதவர்களிடம் பேசாதே, பெயர் சொல்லாதே, எதுவும் வாங்கிச் சாப்பிடாதே. இந்த மூன்றையும் தினமும் அவளுக்குச் சோறு ஊட்டும்போது கூடவே ஊட்டியவள் நான். ஒன்பது பூட்டை சர்வரில் பூட்டியதாகத்தான் அதுவரை நினைத்திருந்தேன். மைக்கில் தன் பெயர் ஒலித்தபோதும் கேட்டிருக்கிறாள். "யாரோ என் பேர கண்டுபுடிச்சிட்டாங்கம்மா, நான் அசையவே இல்ல" என்றாள்.

"எதுக்குடி கைய விட்டுப் போன?"

"நான் விடல. நீதான் போன் பாக்க கைய விட்ட. நான் மாடு கீரை திங்கறதப் பாக்கப் போனேன்."

தேவகி அக்கா இடுப்பில் கை வைத்து நின்றார். "உன் பொண்ணாம்மா? நல்லா வளத்திருக்க போ. முக்கா மணி நேரம் கேட்டுட்டே இருக்கேன், தண்ணி கூட வாங்கல. நானும் லேப்டாப்புல அனுப்பறேன், போன்ல அனுப்பறேன், எவனோ ஒருத்தன் அங்க உக்காந்துக்கினு 'மறுக்கப்பட்டது, மறுக்கப்பட்டது'ங்கறான். மனுசன்தானா அவன்? யாரும்மா அவன், உனக்குத் தெரியுமா?"

"நான்தான்க்கா."

அவர் அந்த பிஸ்கட் தட்டை எடுத்து என் கையில் கொடுத்தார். "நீயாவது சாப்புடு" என்றார்.

சாப்பிட்டேன். அழுதுகொண்டே நாலு பிஸ்கட்டையும் சாப்பிட்டேன். பாப்பா ஒவ்வொன்றையும் கவனித்தாள். "அம்மா, அவங்கள உனக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டாள்.

கணவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. வீட்டுக்கு வந்ததும் அந்தப் புகார்க்காரருக்குப் பாதி எழுதிவைத்த பதிலைத் திறந்தேன். "இது பிழை அல்ல" என்பதை அழித்தேன். "இது பிழைதான். மன்னிக்கவும்" என்று எழுதி அனுப்பினேன். என் வாழ்நாளில் நான் எழுதிய மிகச் சிறிய பதில் அது.

மறுநாளே பேக்கேஜைத் திருத்தினேன். ஒன்பதில் மூன்று பூட்டை வைத்துக்கொண்டு ஆறைத் திறந்தேன். நேற்று வரை தெரிந்தவர் அப்டேட்டுக்குப் பிறகும் தெரிந்தவரே. கேட்கிறவரின் பெயர் தெரியும். பதில் வராவிட்டால் மறுப்பதில்லை, மறுபடி கேட்கும். திருத்தத்துக்கான காரணம் எழுதும் இடத்தில் "பதினேழாம் எண்" என்று போட்டேன். குளிர் தேசத்துக்காரர் கேட்டார், பதினேழாம் எண் புகார் எது, பட்டியலில் அப்படி ஒன்று இல்லையே என்று. "புகார் இல்லை. என் மகள்" என்று எழுதி, நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னேன். மறுநாள் பதில் வந்தது: "இந்தக் கேள்வியை நான் அன்றே இன்னொரு முறை கேட்டிருக்க வேண்டும். அனுமதிக்கப்பட்டது." அந்த வரி இன்றும் அந்த பேக்கேஜின் வரலாற்றில் அப்படியே இருக்கிறது. எங்கள் கைப்பட்டைகளில் இப்போது போன் நம்பர் இருக்கிறது, பெரிய எழுத்தில்.

இதெல்லாம் உலகத்துக்கு. வீட்டு நிலவரம் வேறு. அத்தை அன்றிலிருந்து சாம்பாரில் உப்பே போடுவதில்லை. சாப்பிட உட்கார்ந்ததும் ஒரு சின்னக் கிண்ணத்தில் உப்பை என் முன்னால் வைப்பார். "நீயே பாத்துப் போட்டுக்கம்மா. டீஃபால்ட் கம்மிதான்" என்பார். விருந்தாளிகள் வந்தால் கிண்ணத்தோடு கதையும் வரும். பாஸ்வேர்டை மாற்றிவிட்டேன் என்று பலமுறை சொல்லிப் பார்த்தேன். "புதுசு என்ன, ரசமா?" என்று கேட்கிறார். நான் குளித்துவிட்டு வந்து கதவைத் தட்டினால் உள்ளேயிருந்து கணவரும் மகளும் சேர்ந்து கேட்பார்கள்: "அனுமதிக்கவா? மறுக்கவா?"

பௌர்ணமிதோறும் நானும் பாப்பாவும் தேவகி அக்காவின் மேஜைக்குப் போகிறோம். அக்கா அவளை அதே நாற்காலியில் உட்காரவைத்து, ஒவ்வொரு முறையும் முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு கேட்பார்: "பேரு என்ன கண்ணு?"

பாப்பா என்னை ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள். பிறகு உதட்டை இறுக மூடிக்கொள்வாள். மூடியபடியே கையை மட்டும் பிஸ்கட் தட்டுக்கு நீட்டுவாள்.